பட்டாளத்தின் கட்டைவிரல்

அந்தப் பண்ணைக்கு நான் போனது பெரியவரைப் பார்த்துக்கொள்ள. பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன மனிதர். குளிப்பாட்ட, புரட்டிப் படுக்கவைக்க, ஊட்டிவிட, கைகால்களை மடக்கி நீட்ட ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். அது நான் முறையாகப் பயிற்சி எடுத்துச் செய்கிற வேலை. வயதாகிவிட்டாலும் முதுகு இன்னும் ஒத்துழைக்கிறது. பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

போன முதல் வாரத்திலேயே, அந்த வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆள் பெரியவர் மட்டும் இல்லை என்று தெரிந்துவிட்டது.

அவருடைய மூத்த மருமகளை எல்லோரும் பட்டாளம் என்று கூப்பிட்டார்கள். பத்துப் பேர் வேலையை ஒருத்தியாகச் செய்கிறாளாம், அதனால் அந்தப் பேர். சொல்லும்போது முகத்தில் பெருமை வழியும். ஒரு பெண்ணுக்குப் பட்டாளம் என்று பேர் வைத்துவிட்டால் மற்றவர்கள் நிம்மதியாக உட்காரலாம். அவள் களைத்துப்போனாள் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை, பட்டாளம் எப்படிக் களைக்கும்?

சின்னப் பண்ணை. எட்டுக் கறவை மாடுகள், நாலைந்து கன்றுகள், கொல்லையில் கோழிகள். மூன்று அறையும் நீளமான ஒரு சமையலறையும் கொண்ட வீடு. சமையலறையின் பின்கதவைத் திறந்தால் சேறும் சாணமுமாக ஒரு முற்றம், அதைத் தாண்டித் தகரக் கூரை போட்ட கொட்டகை, அதற்கு அப்பால் கம்பி வேலி போட்ட மேய்ச்சல் நிலம். காலையிலும் மாலையிலும் பால் வண்டி வாசல் கேட்டில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். அந்த ஹாரனுக்குள் எட்டு மாட்டையும் கறந்து, கேனில் ஊற்றி, கேனைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போயாக வேண்டும். இதைச் செய்தது பட்டாளம். அதற்கு முன்னால் சாணம் அள்ளியது அவள். அதற்குப் பின்னால் அடுப்பில் இருந்ததும் அவள்தான்.

அவளுடைய கணவன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். அதற்காக யாரும் அவனுக்கு மாலை போட வேண்டியதும் இல்லை. தீவனம் வெட்டுவான், வேலி கட்டுவான், டிராக்டர் ஓட்டுவான், சந்தைக்குப் போய்வருவான். பால் கறப்பது மட்டும் அவன் வேலை இல்லை. மாடு என்னை ஒத்துக்காது என்பான். மாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அத்தோடு பேச்சு முடிந்தது. மாட்டிடம் போய் யார் விசாரிப்பது?

அவள் மாடு மேய்க்கும் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. டவுனில் தையற்கடைக்காரர் மகள். கல்யாணமாகி வந்த புதிதில் மாடு தும்மினால்கூட ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நிற்பாளாம். அப்போது உயிரோடிருந்த மாமியார் அவளைக் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு இழுத்துப்போய்த் தன் பழைய பச்சைக் கோட்டை அவள் தோளில் மாட்டி, தலைத்துணியையும் கட்டிவிட்டு உட்காரவைத்தாராம். அந்த வீட்டில் அப்படி ஒரு வழக்கம். கறக்கிற கை மாறினால் மாடு மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும். அதனால் புதிதாகக் கறக்க வருகிறவர், பழைய ஆளின் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் மாட்டின் பக்கத்தில் போவார். மாடு ஆளைப் பார்க்காது, வாசனையைப் பார்க்கும். கோட்டு நைந்துபோனால் புதுக்கோட்டு தைத்து, பழையதை அதன்மேல் போட்டுக்கொண்டு ஒரு மாதம் கறப்பாள். பழையதின் வாசனை புதியதில் ஏறின பிறகுதான் பழையதைக் கழற்றிப் போடுவாள். இருபத்தாறு வருஷத்தில் மூன்று கோட்டு மாறியிருந்தது. ஆள் மாறவில்லை.

நான் கவனித்தது அவளுடைய கையை. நோயாளிகளோடு பழகினவர்களுக்கு முகத்தைவிடக் கைதான் முதலில் கண்ணில் படும். பெரியவருக்குக் கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து கொடுக்கும்போது இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். இரண்டு தேநீர்க் கோப்பைகள் என் கண்முன்னாலேயே கீழே விழுந்து உடைந்தன. பேசிக்கொண்டிருக்கும்போதே வலது கையைத் தெர்மாமீட்டர் உதறுவதுபோல உதறிக்கொள்வாள். கேட்டால், மரத்துப்போகுது நர்சம்மா, உதறினா சரியாயிடும் என்றாள். நான் நர்ஸ் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்த வீட்டில் எனக்கு நர்சம்மா என்றுதான் பேர்.

ஒருநாள் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து இரண்டு கையையும் மேசைமேல் விரித்து வைக்கச் சொன்னேன். கட்டைவிரலின் அடியில் சதை மேடாக இருக்க வேண்டிய இடம் வலது கையில் பள்ளமாக இருந்தது. கண்ணை மூடச் சொல்லி ஒரு சட்டைப் பொத்தானை விரல் நுனியில் வைத்தேன். மாத்திரையா என்று கேட்டாள். தையற்காரர் மகள், பொத்தானை மாத்திரை என்கிறாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"அது ரெண்டு மூணு வருஷமா இருக்கு. அவர்கிட்ட சொன்னேன். எண்ணெய் போட்டுத் தேய்ன்னாரு."

பெரியவரைப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாளில் அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். பெரியவரைத் தூக்க ஆள் வேண்டும் என்று ஒரு காரணம் சொன்னேன். தனக்காக என்றால் அவள் வந்திருக்க மாட்டாள். டாக்டர் அவள் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார், விரல்களை மடக்கச் சொன்னார். மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, ஒரு சின்னக் கீறல் போட்டு விடுவித்துவிடலாம் என்றார். ஆனால் ஏற்கெனவே சதை கரைந்திருக்கிறது. இன்னும் தள்ளிப்போட்டால் நரம்பைத் திறந்துவிட்டும் பயன் இருக்காது, கட்டைவிரல் நிரந்தரமாகப் போய்விடும். கையை அறுக்கிற பெரிய டாக்டர் அந்த ஆஸ்பத்திரிக்கு எப்போதாவதுதான் வருவார். அடுத்து வரும் நாளில் ஓர் இடம் இருந்தது. அதை விட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

அந்த நாள் விடுமுறை வாரத்துக்கு நட்டநடுவில் விழுந்தது.

விடுமுறை என்றால் அந்தப் பண்ணையில் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். கணவனின் தங்கை, அவள் புருஷன், மூன்று பிள்ளைகள் நகரத்திலிருந்து வருவார்கள். கணவனின் தம்பியும் மனைவியும் இரட்டைப் பிள்ளைகளும் இன்னொரு காரில் வருவார்கள். காற்று எவ்வளவு சுத்தம், பால் எவ்வளவு கெட்டி என்று வந்ததும் வராததுமாகச் சொல்வார்கள். பிறகு அந்தச் சுத்தமான காற்றில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, கெட்டிப்பாலில் தேநீர் வரும் வரைக்கும் காத்திருப்பார்கள். ஒருவருக்கு முட்டை வேகவைக்க வேண்டும், ஒருவருக்குப் பொரிக்க வேண்டும், இரட்டையரில் ஒருவன் மஞ்சள் கருவைத் தொட மாட்டான். கட்டில் போதாமல் வைக்கோல் பரணிலிருந்து மெத்தைகள் இறங்கும். போகும்போது நெய்யும் முட்டையும் டிக்கியில் ஏறும். மெத்தைகளை வெயிலில் உலர்த்திப் பரணில் ஏற்றுவது அவர்கள் போன பிறகு. யார் ஏற்றுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அவளுடைய ஒரே மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு லீவு கிடைக்காத ஒரே ஆள் அவன்தான்.

ஆபரேஷன் நாளைக் கேட்டதும் கணவன் தலையைச் சொறிந்தான். இத்தனை நாள் பொறுத்தது, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமே என்றான். ஆனால் பட்டாளம் இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டு ஏற்பாட்டில் இறங்கினாள். பச்சைக் கோட்டைத் தோய்ப்பதை நிறுத்தினாள். மூன்று வாரம் அதைத் தண்ணீரில் காட்டவில்லை. சாணம், பால், வியர்வை எல்லாம் அதில் ஊறி, கொட்டகையில் ஆணியில் மாட்டினால் அது தானாகவே நிற்கும் போலிருந்தது. சுத்தம் சுத்தம் என்று ஆயுள் முழுக்கக் கத்தின எனக்கே மூக்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டியதாயிற்று. கணவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கறக்கப் பழக்கினாள். அவன் சின்ன வயதில் கறந்தவன்தான், மறந்துவிட்டானாம். நாலைந்து நாள் ஒழுங்காக வந்தான். பிறகு விருந்தாளிகள் வரப்போகிறார்கள் என்று பாதையைச் சீர்செய்யப் போய்விட்டான். நாளைக்குப் பாத்துக்கலாம் என்றான். கார்கள் வந்து நின்றன.

முதல்நாள் சாப்பாட்டு மேசையில் விஷயம் வெளியே வந்தது. பட்டாளம் பரிமாறிக்கொண்டே, இடது கையால் கரண்டி பிடித்தபடி, வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேருகிறேன் என்றாள். கொழுந்தன், ஆறு மாசம்தானே அண்ணி, கண்மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும் என்றான். அவன் மனைவி, யாரோ ஒருத்திக்கு மணிக்கட்டில் பட்டை கட்டியே சரியாகிவிட்டதாகச் சொன்னாள். நாத்தனாருக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. அவள் கெட்டவள் இல்லை. அந்த வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். கெட்டவர்களாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம்.

"வருஷத்துல இந்த ஒரு வாரம்தான் எல்லாரும் ஒண்ணா இருக்கோம். நீங்க இல்லாம எப்படி அண்ணி இருக்கும்?" என்றாள் நாத்தனார்.

எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. பசியாக இருக்கும். அதைச் சொல்லவில்லை. வேறொன்று சொன்னேன். நான் இவளோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், இரண்டு நாள் உங்கள் அப்பாவை நீங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பெரியவரின் மூன்று பிள்ளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாப்பிட்டு முடித்த கையோடு மூவரையும் கட்டிலுக்கு அழைத்துப்போய் எப்படிப் புரட்டுவது, எப்படித் துடைப்பது, விழுங்கும்போது தலையை எப்படி வைத்துக்கொள்வது என்று காட்டினேன். கொழுந்தன் படுக்கைத் துணி மாற்றுகிற இடம் வந்ததும் போன் வந்துவிட்டது என்று வெளியே போனான். பெரியவர் படுத்தபடியே குழறலாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். யார் கறப்பா? மருமகளுக்கு என்ன உடம்பு என்று கேட்கவில்லை.

வியாழன் காலை அவள் எட்டு மாட்டையும் கறந்துவிட்டு, பதிமூன்று பேருக்குக் காலைச் சாப்பாடு செய்துவிட்டு, குளித்து வேறு உடை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில்தான் போனோம். இரண்டு கார்கள் வாசலில் நின்றன. பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார்களாம், ஏமாற்ற முடியாதாம்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், மணிக்கட்டில் மையால் கோடு போட்டார்கள், காலையில் இரண்டாவது ஆளாக அழைப்போம் என்றார்கள். சாயங்காலம் முழுக்க அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. சர்க்கரை எந்த டப்பாவில்? கோழித்தீனி எங்கே? இரட்டையரின் மஞ்சள் போர்வை எங்கே போயிற்று? அடுப்பு ஏன் அணைந்து அணைந்து போகிறது? ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் சொன்னாள், படுத்துக்கொண்டே, கண்ணை மூடிக்கொண்டே, மூன்றாவது தட்டில் இடது ஓரம் என்கிற மாதிரி. வலிக்கிறதா, சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. மாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அவளாகக் கேட்டதற்குக் கணவன், ஆச்சு ஆச்சு என்றான்.

ஆகவில்லை. மறுநாள் காலை தெரிந்தது.

முதல் ஆளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். பட்டாளம் ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது. அவள் கையில் ஊசிக் குழாய் இருந்ததால் நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். அவன் பேசுவதற்கு முன்னாலேயே பின்னால் மாடுகள் கத்துவது கேட்டது. சும்மா கத்தல் இல்லை, வலிக்கிற கத்தல். அவள் முகம் சுருங்கியது.

"நீ வந்துடு. ஒரே ஒரு தடவை கறந்து குடுத்துட்டு உடனே திரும்பிப் போயிடலாம். காரை அனுப்பறேன்," என்றான் கணவன். இன்றைக்குக் காருக்கு வேலை இல்லை போலிருக்கிறது.

நேற்று மாலை ஒரு மாடுகூடச் சரியாகப் பால் விடவில்லையாம். காலையில் வாளியை உதைத்துக் கவிழ்த்துவிட்டதாம். மடி கல்லாக இறுகிக் கிடக்கிறதாம். வெள்ளைமூக்கி என்கிற மாடு மடியைத் தொடவே விடவில்லையாம்.

"கோட்டு போட்டீங்களா?" என்று கேட்டாள்.

"போட்டேன்."

"தலைத்துணி?"

"அதுவும் கட்டினேன். எல்லாம் நீ சொன்ன மாதிரிதான்."

"அப்புறம் ஏன் அடக்குது?"

போனில் யாரோ பக்கத்தில் மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு நாத்தனாரின் குரல் வந்தது.

"அண்ணி, கோட்டை நான் தோய்ச்சிட்டேன். நாத்தம் அப்பா ரூம் வரைக்கும் அடிச்சுது. நீங்க வரும்போது எல்லாம் பளிச்சுனு இருக்கட்டும்னுதான். வாசனைத் தண்ணியில ரெண்டு தடவை அலசினேன்."

கோட்டை மட்டும் இல்லை. தலைத்துணி, மடி துடைக்கிற துணி, உட்காருகிற சாக்கு, பட்டாளத்தின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, அழுக்குக் கூடையில் கிடந்த உடைகள் என்று அந்த வீட்டில் அவள் வாசனை இருந்த அத்தனையையும் அந்தப் பெண் ஒரே பகலில் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். இருபத்தாறு வருஷமாக ஒரு டம்ளர் கழுவாதவளுக்கு ஒத்தாசை செய்ய அந்த ஒரு நாள்தான் கிடைத்தது. அதையும் யாரிடமும் கேட்காமல் செய்தாள். அவளுடைய அண்ணன் பூவாசனை வீசும் கோட்டைப் போட்டுக்கொண்டு கொட்டகைக்குள் போய், மாடு ஏன் உதைக்கிறது என்று இரண்டு வேளையாக யோசித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

பட்டாளம் கட்டிலை விட்டு இறங்கினாள். குனிந்து, கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடினாள்.

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் அவர்கள் மேல் மட்டும் இல்லை. அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்கவில்லை. நோயாளியை உலுக்குவது எங்கள் பயிற்சியில் கிடையாது. மாடு கத்துகிறபோது சும்மா உட்கார அவளால் முடியாது என்றும் எனக்குத் தெரியும். ஆனால் அவள் போய்விட்டால் அந்த இடம் இன்னொருவருக்குப் போகும். ஆறு மாதத்தில் அந்தக் கட்டைவிரல் இருக்காது. உள்ளே போன முதல் ஆள் எந்த நிமிஷமும் வெளியே வரலாம்.

போனைப் பார்த்துக் கேட்டேன். "தம்பி, மாட்டு டாக்டர் என்ன சொன்னாரு?"

"யாரு?"

"மாட்டு டாக்டர். ஊர்ல ஒருத்தர் இருக்காரே, போன மாசம் கன்னு எடுக்க வந்தவரு. பால் அடக்கினா அவர்கிட்ட ஊசி இருக்குமே."

"அவரையா?" என்றான். கொஞ்சம் தயங்கினான். "இன்னைக்கு லீவு நாளாச்சே நர்சம்மா. அவரு குடும்பத்தோட இருப்பாரு. லீவு அன்னைக்குப் போய் எப்படித் தொந்தரவு பண்றது?"

ஆபரேஷனுக்குக் கோடு போட்ட கையோடு உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டியை எழுப்பலாம். இரண்டு மணி நேரத் தூரத்திலிருந்து காரில் வரவழைக்கலாம். பத்து நிமிஷத் தூரத்தில் இருக்கும் மாட்டு டாக்டரை எழுப்பக் கூடாது. அவர் குடும்பத்தோடு இருப்பார்.

பட்டாளம் குனிந்தபடியே அதைக் கேட்டாள். ஒரு செருப்பு கையில் இருந்தது. அதை மெதுவாகக் கீழே வைத்தாள். கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அங்கியை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"அவரைக் கூப்பிடுங்க. வீட்டுக்கே போய்க் கூப்பிடுங்க. இன்னைக்கு எனக்கு வேற வேலை இருக்கு."

"அதில்ல, நீ வந்தா ஒரு நிமிஷத்துல..."

"எனக்கு வேற வேலை இருக்குங்க," என்றாள் மறுபடி. பிறகு என்னைப் பார்த்துப் போனை வைக்கும்படி தலையை ஆட்டினாள்.

சக்கரக் கட்டில் வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். வலிக்கும் என்று பயப்படுகிறாளா என்று அங்கிருந்த நர்ஸ் என்னிடம் கேட்டாள். மாட்டுக்கு வலிக்கும் என்று அழுகிறாள் என்றேன். நர்ஸ் என்னைத்தான் ஒருமாதிரி பார்த்தாள்.

மாட்டு டாக்டர் வந்தாராம். கூப்பிட்டதும் வந்தாராம், முகம்கூடச் சுளிக்கவில்லையாம். வீட்டில் விருந்தாளிகள் தொல்லை, நல்லவேளை கூப்பிட்டீர்கள் என்றாராம். ஊசி போட்டதும் மாடுகள் பாலை விட்டன. நேற்று மாலையே கூப்பிட்டிருக்கலாமே என்றும் கேட்டாராம். வெள்ளைமூக்கிக்கு மட்டும் மடி வீங்கி, ஒரு காம்பு போயே போய்விட்டது. அந்தக் காம்பின் கணக்கு யார் தலையில் விழுந்தது தெரியுமா? அண்ணியோட ஆபரேஷனால ஒரு நல்ல மாடு வீணாப்போச்சு என்று கொழுந்தன் காரில் ஏறும்போது சொன்னான். என் காதுபடச் சொன்னான். டிக்கியில் நெய் இருந்தது, முட்டை இருந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

மெத்தைகளைப் பரணில் ஏற்றச் சொல்லி நானே அவர்களை நிறுத்தினேன். கொழுந்தன் முதல் மெத்தையைத் தூக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டான். இரண்டாவதையும் தூக்கவைத்தேன்.

கட்டோடு வீட்டில் இருந்த வாரங்களில் பட்டாளம் கொட்டகை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கணவன் கறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறக்கிற கைக்கு ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நானும் கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தேன். முதலில் ஒவ்வொரு மாட்டுக்கும் அவள் குரல் வேண்டியிருந்தது. அவள் பேச அவன் கறந்தான். பிறகு மாடுகள் அவனுடைய வாசனைக்கே பழகிவிட்டன. மாடு என்னை ஒத்துக்காது என்ற பேச்சு அப்படியே ஓய்ந்துபோயிற்று. யாரும் அதை நினைவுபடுத்தவில்லை. நான் ஒருமுறை நினைவுபடுத்தினேன். அவன் சிரித்தான்.

இனிமேல்தான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். அவன் கறக்கத் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருக்கும். மணிக்கட்டு வலிக்கிறது என்றான். வெந்நீர் ஒத்தடம் வந்தது, தைலம் வந்தது. நாத்தனார் தினமும் போனில் விசாரித்தாள். அண்ணாவுக்குக் கை மரத்துப்போகுதாம், பாவம், சாப்பிடக்கூடக் கஷ்டப்படறாராம். கொழுந்தன் நகரத்தில் நாலு கடை ஏறி இறங்கினான். பெரியவர் படுக்கையிலிருந்தே தலையாட்டி ஒப்புதல் கொடுத்தார். அந்த மாதம் முடிவதற்குள் கறவை மிஷின் வீட்டுக்கு வந்து இறங்கியது.

அவள் அந்த மிஷினைக் கேட்டுப் பதினைந்து வருஷம் ஆகிறது. மாடு பயப்படும், மின்சாரம் நிலையில்லை, எட்டு மாட்டுக்கு எதுக்கு மிஷின், பட்டாளம் இருக்கும்போது மிஷின் எதுக்கு என்று ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு பதில். அவளுடைய கட்டைவிரல் கரைய இரண்டு மூன்று வருஷம் ஆயிற்று, ஒருவர் கண்ணிலும் படவில்லை. அவனுக்கு மணிக்கட்டு லேசாக வலித்ததும் வீடே எழுந்து நின்றுவிட்டது.

மிஷினைப் பொருத்த வந்த மெக்கானிக் குழாய்களைக் கொட்டகையில் பரப்பிவைத்துக்கொண்டு, யார் ஓட்டப்போறீங்க, அவங்க பக்கத்துல வந்து நில்லுங்க என்றான். கணவன் யோசிக்கவே இல்லை. அவதான் என்று பட்டாளத்தின் பக்கம் கையைக் காட்டினான். கட்டு அவிழ்த்திருந்த சமயம் அது. கட்டைவிரலில் பாதி பலம் திரும்பியிருந்தது. கோப்பையைப் பிடித்தாள், பொத்தானைப் போட்டாள். மீதி வருமா வராதா என்று டாக்டருக்கே நிச்சயமில்லை.

பட்டாளம் ஸ்டூலிலிருந்து எழவில்லை.

"எனக்கு அதெல்லாம் புரியாது. அவருக்கே சொல்லிக் குடுங்க. மாடு இப்ப அவரைத்தான் தேடுது," என்றாள்.

மெக்கானிக் அவனைப் பார்த்தான். அவன் அவளைப் பார்த்தான். அவள் மேய்ச்சல் நிலத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவன்தான் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு குழாய்க்குப் பக்கத்தில் போய்க் குந்தினான். அதற்குப் பிறகு நான் அந்த வீட்டில் இருந்தவரைக்கும் அவன்தான் கறந்தான். அவனுக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாள் மட்டும் அவள் மிஷினைப் போட்டாள். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. பார்த்துப் பார்த்தே பழகியிருந்திருக்கிறாள்.

பெரியவருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. மிஷின் பாலில் ருசி இல்லை, கையால் கறந்த பால்தான் பால், ஒரு டம்ளராவது மருமகளைக் கறக்கச் சொல் என்று குழறிக் குழறி என்னிடம் முறையிட்டார். தலையைத் தூக்கிப் பிடித்து, டம்ளரை உதட்டில் வைத்தேன்.

"குடிங்க ஐயா," என்றேன். குடித்தார்.